பட்டாணி வண்டியும் இருநூற்று முப்பத்தெட்டு டிகிரியும்

கார்ல் இன்பநாதன் ஒரு வேலையை முடித்துவிட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முடிக்கவில்லை என்பதையும் கண்டுபிடிக்க முடியாது. விமான் நகர் ஆபீஸில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஐந்து வருஷம் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் சந்திரிகா. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகப் புனே வந்தவள். டெஸ்டிங் என் பிரிவு, அதாவது மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். இந்தக் கதையில் நான் கண்டுபிடிக்க வேண்டிய குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அதையும் போகப் போகச் சொல்கிறேன்.

கார்லின் அப்பா திருநெல்வேலிக்காரர். ரயில்வேயில் வேலை கிடைத்துப் புனேயில் உள்ள கோர்படிக்கு வந்தவர், ரிட்டயர் ஆகும்வரை டீசல் ஷெட்டிலேயே இருந்தார். ஊரில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஜெர்மன் பாதிரியாரின் பெயரை மகனுக்கு வைத்தார். ரயில்வே காலனியில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, காலியா, அதாவது கறுப்பன், என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அரைகுறையாகத் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், பஸ்ஸில் மராத்தி. நாலு பாஷை தெரிந்தும் கார்ல் எதையும் அதிகம் செலவழித்ததில்லை.

தொண்ணூற்று நாலில் டிப்ளமா முடித்து, புனே பக்கத்துக் கசார்வாடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். ஃபேக்டரி மெஷின்களின் கன்ட்ரோல் போர்டு கெட்டுப்போனால் அங்கே வரும். வருகிற போர்டுகளில் முன்னால் யார் யாரோ கை வைத்து ஒட்டுப்போட்ட வயர்கள் ஏகத்துக்கும் இருக்கும். கார்ல் முதல் வேலையாக அந்த வேண்டாத வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கியும் போர்டு ஓடினால், அந்த வயர் வேண்டாதது என்று அர்த்தம். ஒன்பது வருஷம் இதைச் செய்தார். அதில் நல்ல பெயரும் வாங்கினார். பிற்பாடு வந்த வம்புக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கட்சி.

தொண்ணூற்றொன்பதில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சிடி ஒன்று வந்தது. மற்றவர்கள் அதை டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்கள். கார்ல் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, மூன்று வாரம் மல்லுக்கட்டி ஓட வைத்தார். அந்த மூன்று வாரத்தில் கற்றதை வைத்துக்கொண்டு 2003இல் எங்கள் கம்பெனிக்கு வந்தார்.

எங்கள் கம்பெனி, கையில் பிடிக்கிற லினக்ஸ் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதும். பார்க்கச் செங்கல் அளவு மொபைல் போன் மாதிரி இருக்கும், உள்ளே சிம் கார்டும் உண்டு. அந்தக் கருவியிலேயே புரோகிராமைத் தயாரிக்க முடியாது, அதற்கு மூச்சு முட்டும். மேஜைக் கம்ப்யூட்டரில் தயாரித்துத்தான் கருவிக்குள் ஏற்ற வேண்டும். ஆனால் மேஜைக் கம்ப்யூட்டரின் சிப் ஒரு ரகம், கருவியின் சிப் வேறு ரகம். இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே ஓடுகிற மாதிரி தயாரிப்பதற்கு கிராஸ் கம்பைல் என்று பெயர். அதற்கென்று, நாம் எழுதியதைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற தனி கம்பைலரைக் கட்ட வேண்டும், அது லேசுப்பட்ட காரியமில்லை. கார்ல் இருபத்திரண்டு நாளில் கட்டினார். அது அவருடைய மெஷினில் மட்டும்தான் ஓடியது. மெஷினை அணைக்கக்கூடாது என்று மூன்று பாஷையில் எழுதி ஒட்டியிருந்தார். பெருக்குகிற மௌசியம்மா அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்.

எந்த ஃபைலை எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று கம்பைலருக்கு உத்தரவு போடுகிற வரிகள் ஒரு நீளமான ஃபைலில் இருந்தன. கார்ல் அந்த ஃபைலில் கசார்வாடிப் பழக்கத்தைக் காட்டினார். வெள்ளிக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வரியை நீக்குவார். புரோகிராம் பிசகில்லாமல் தயாரானால் அந்த வரி வேண்டாதது. தயாராகாவிட்டால் திரும்பப் போட்டுவிடுவார். இப்படி அறுபது வரிக்கு மேல் நீக்கியிருந்தார். ஃபைல் இளைத்துக்கொண்டே வந்தது. எங்கள் மேனேஜர் ஹரிபிரசாத்துக்கு இதில் பெரிய சந்தோஷம். சென்னைக்காரரான அவர், புதிதாக வருகிறவர்களிடம் கார்லைக் காட்டி, "பாத்துக்கோங்க, இதுதான் டிசிப்ளின்" என்பார்.

2006இல் கசார்வாடிக் குளிர்கிடங்கு ஒன்று எங்களுக்கு வேலை கொடுத்தது. உறையவைத்த பட்டாணியை மும்பைக்கு ஃப்ரீஸர் லாரியில் அனுப்புகிறவர்கள். மைனஸ் பதினெட்டு டிகிரியில் போக வேண்டும், மைனஸ் பதினைந்துக்கு மேல் ஏறக்கூடாது. டிரைவர்கள் வழியில் ஃப்ரீஸரை அணைத்து, மிச்சமாகிற டீசலை விற்றுவிடுகிறார்கள் என்பது முதலாளி ஜக்தாப்பின் சந்தேகம். ஆகவே ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கருவி. வழியில் லோனாவாலாவிலும் பன்வேலிலும் வண்டியை நிறுத்தி, லாரிக்குள் இருக்கிற சென்சாரின் சாக்கெட்டில் கருவியைச் செருகி, பட்டனை அமுக்க வேண்டும். கருவி உஷ்ணத்தை வாசித்து ஆபீஸுக்குச் செய்தி அனுப்பும். ஜக்தாப் எண்களைப் பார்க்க விரும்பவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் கருவியிலும் ஆபீஸிலும் பச்சை, சென்சாரைக் கழற்றினாலோ உஷ்ணம் ஏறினாலோ சிவப்பு. அவ்வளவுதான் கேட்டார், அவ்வளவுதான் கொடுத்தோம்.

அனுப்புவதற்கு முன் சோதித்தவள் நான். மேஜைக் கம்ப்யூட்டருக்கென்று தயாரித்த பிரதியில் பொய்யாக மைனஸ் பதினெட்டைக் கொடுத்துப் பார்த்தேன், பச்சை வந்தது. நிஜக் கருவியைச் சென்சாரோடு ஆபீஸ் ஃப்ரிட்ஜில் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே வைத்தேன், நாலு டிகிரி என்று சரியாகச் சொன்னது. எண்ணை மட்டும்தான் பார்த்தேன், நிறத்தைக் கவனிக்கவில்லை. ஃப்ரீஸர் தட்டில் வைக்கலாம் என்று போனால் அதன் கதவு ஐஸ் கட்டித் திறக்கவில்லை. இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பிறகு 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று லாரிகளில் சோதனை ஓட்டம் தொடங்கியது. பத்தொன்பதாம் நாள் ஜக்தாப் ஹரிபிரசாத்துக்குப் போன் செய்து பாராட்டினார். கருவி திருடனைப் பிடித்துவிட்டதாம். இரண்டு டிரைவர்களுக்கு இரண்டாம் நாளிலிருந்து நாள் தவறாமல் பச்சை. மூன்றாவது டிரைவர் முகமது இஸ்மாயிலுக்கு முதல் நாளிலிருந்தே சிவப்பு, சென்சார் கழற்றப்பட்டது என்று. ஆளை வண்டியிலிருந்து இறக்கி, கிடங்கில் தரை கழுவ விட்டிருக்கிறார். ஆனால் அந்த ஆள் ஒயரைத் தொடவேயில்லை என்று சாதிக்கிறான், யாராவது வந்து சாக்கெட்டில் அவன் கை வைத்த தடயத்தைக் காட்டினால் வேலையை விட்டே அனுப்பிவிடலாம் என்றார். கசார்வாடியில் ஒரு முதலாளி டீசல் திருடன் என்று சொல்லி அனுப்பிவிட்டால், அந்த நெடுஞ்சாலை முழுக்க வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தரமாட்டார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இஸ்மாயில் திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். கோபம் வந்தால் அவருக்கு இந்தி மறந்துபோகும் என்பதால் தமிழ் தெரிந்த ஆளாக அனுப்பச் சொன்னார்கள். ஹரிபிரசாத் கார்லை அனுப்பினார். சாக்கெட்டைச் சோதிக்க நானும் அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

சாக்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இஸ்மாயில் முழங்கால் வரை பேண்ட்டை மடித்துவிட்டு, கையில் துடைப்பத்தோடு நின்றார். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"சார் நம்ம ஊருப் பக்கமா?"

"அப்பா பாளையங்கோட்டை. நான் இங்கதான் பைதா ஆனேன், பொறந்தேன்" என்றார் கார்ல். "பாய், எனக்குத் தமிழ் தோடா தோடா தான் வரும். மெதுவா சொல்லுங்க."

"என்னத்த சொல்லுதது சார். மிஷின் செவப்பு காட்டுது. நான் ஒயரத் தொடல. முப்பது வருசமா வண்டி ஓட்டுதேன், ஒரு சொட்டு டீசல் எடுத்ததில்ல. மொதலாளி நம்பல. மிஷின் பொய் சொல்லுமான்னு கேக்காரு."

கார்ல் சாக்கெட்டை இன்னொரு தடவை பார்த்தார். மிஷின் பொய் சொல்லாது என்பதுதான் அவருடைய கட்சியும்.

"மத்த ரெண்டு பேருக்கு எப்படி ஹரா வருது, பச்சை?" என்று கேட்டார்.

இஸ்மாயில் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவனுவ புத்திசாலி. ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டானுவ. ஃப்ரீஸர் ஓடுனா செவப்பு. அணைச்சிப் போட்டு ஒரு மணி நேரம் களிச்சிப் பட்டன அமுக்குனா பச்ச. கம்பெனிக்காரன் அப்பிடித்தான் வச்சிருக்கான் போலன்னு தெனமும் அணைச்சிருதானுவ. எங்கிட்டயும் சொன்னானுவ, பாய் நீயும் அணைச்சிரு, பச்ச வந்துரும்னு."

"நீங்க ஏன் பந்த் பண்ணல?"

"பட்டாணி கெட்டுப் போவும்லா சார்" என்றார் இஸ்மாயில், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி.

 எனக்கு அந்த ஐஸ் கட்டிய கதவு ஞாபகம் வந்தது. கார்லைப் பார்த்தேன். அவர் முகத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை, ஆனால் கையில் இருந்த ஹெல்மெட்டை முன்பக்கம் பின்னாகத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீஸுக்கு வந்து, நீக்கிய வரிகளையெல்லாம் வரிசையாக எடுத்தார். நாற்பத்தொன்றாவது வரியில் நிறுத்தினார்.

விஷயம் இதுதான். சின்ன எண்களை வைக்கப் புரோகிராமில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மேஜைக் கம்ப்யூட்டரின் கம்பைலர், அந்தப் பெட்டியில் மைனஸ் எண்களும் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் கருவிக்கான கம்பைலர், நாம் தனியாகச் சொல்லாவிட்டால், மைனஸ் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்றே காட்டிக்கொள்ளாது. அதற்குப் பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான். மைனஸ் பதினெட்டைப் போட்டால் இருநூற்று முப்பத்தெட்டு என்று வாசிக்கும். மைனஸும் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லுகிற வரிதான் அந்த நாற்பத்தொன்றாவது வரி. அதை 2003இல் போட்டவர் கார்ல். ஏன் போட்டோம் என்று எழுதி வைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நீக்கினார். புரோகிராம் பிசகில்லாமல் தயாரானது.

இருநூற்று முப்பத்தெட்டு டிகிரி இருந்தால் டிரைவரே வெந்துவிடுவார். ஆகவே நூறுக்கு மேல் எது வந்தாலும் சென்சாரைக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம் என எங்கள் ஆட்கள் எழுதியிருந்தார்கள். மைனஸ் பதினைந்து என்ற வரம்பும் அதே மாதிரிப் பெட்டியில்தான் இருந்தது. அது இருநூற்று நாற்பத்தொன்றாகிவிட்டது. ஃப்ரீஸரை அணைத்து, உள்ளே இரண்டு மூன்று டிகிரிக்கு ஏறினால், அது வரம்புக்கு வெகுவாகக் கீழே. தாராளமாகப் பச்சை. ஆக, டீசல் திருடனைப் பிடிக்க நாங்கள் செய்துகொடுத்த கருவி, ஃப்ரீஸரை ஓடவிட்ட ஒரே ஆளைப் பிடித்துக் கொடுத்தது. அணைத்தவர்களுக்கு ஜக்தாப் மிட்டாய்ப் பெட்டி கொடுத்து, கிடங்கு வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்திருந்தார்.

கார்ல் அந்த வரியைத் திரும்பப் போட்டார். அதற்கு மேலே, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு குறிப்பும் எழுதினார். 'இதை நீக்காதீர்கள். முகமது இஸ்மாயில்.' பிற்பாடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் அப்படி ஒரு சீனியர் இன்ஜினியர் இருந்ததாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அவருக்குச் சந்தேகம் கேட்டு மெயில் அனுப்ப முகவரியெல்லாம் தேடினாள்.

ஹரிபிரசாத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஓகே. சரி பண்ணியாச்சுல்ல? அடுத்த வெர்ஷன்ல போயிடும். ஜக்தாப் கிட்ட சாக்கெட்ல லூஸ் கான்டாக்ட்னு சொல்லிடலாம்."

"இஸ்மாயில் பாய்?" என்றார் கார்ல்.

"அடுத்த வாரத்துலேர்ந்து அவருக்கும் பச்சை வரும்ல. தானா சரியாயிடும்."

"வேலைய விட்டு அனுப்பிட்டா பச்சை எங்கேர்ந்து வரும் சார்" என்றேன் நான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் அவர் மேல், மிச்சம் என் மேலேயே.

"சந்திரிகா, தப்பு நம்மளுதுன்னு கஸ்டமர் கிட்ட சொன்னா, அடுத்த முந்நூறு லாரி போயிடும். புரியுதா? கார்ல், இதுல உங்க பேரும் அடிபடும். உங்க அப்ரைசல் அடுத்த மாசம்."

கார்ல் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் சம்மதம் என்று ஹரிபிரசாத் எடுத்துக்கொண்டார். காதில் விழுந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். வெளியே வந்ததும் என் மேஜைக்கு முன்னால் நின்று, "நீங்களும் வாங்க. பாஸ்னு சைன் போட்டது நீங்க" என்றார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே கடுமையான வாக்கியம் அதுதான். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எந்த வரியையும் நீக்காமல் கார்ல் கசார்வாடிக்குக் கிளம்பினார். இரண்டு கருவிகளையும் ஒரு தனி சென்சாரையும் எடுத்துக்கொண்டார். ஒரு கருவியில் அந்த வரி இல்லாத புரோகிராம், இன்னொன்றில் வரி உள்ள புரோகிராம். ஜக்தாப்பையும் இஸ்மாயிலையும் குளிர்கிடங்கின் உள்ளறைக்குள் கூட்டிப்போய், கதவை மூடச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த பழைய தெர்மாமீட்டர் மைனஸ் இருபது காட்டியது. சென்சாரில் முதல் கருவியைச் செருகினார், சிவப்பு. இரண்டாவதைச் செருகினார், பச்சை. பிறகு எல்லோரையும் வெளியே வெயிலுக்கு அழைத்து வந்து அதே சென்சாரில் செருகினார். முதலாவது பச்சை, இரண்டாவது சிவப்பு.

"தப்பு என்னுடையது" என்றார் மராத்தியில். "இந்த ஆள் எதையும் கழற்றவில்லை. ஒரு வரியைக் கழற்றியவன் நான். இவர் சோதித்தார்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைக் காட்டினார். நானும் ஆமாம் என்றேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜக்தாப் இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இப்போதாவது எண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். கார்ல் காட்டினார். மே மாத வெயிலில் முப்பத்தொன்பது டிகிரி. "இதுக்குப் பச்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் கார்ல். ஜக்தாப் வாசலில் ஒட்டியிருந்த இரண்டு டிரைவர்களின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து இஸ்மாயிலிடம் நீட்டி, நாலு மணிக்கு லோடு ஏறும், போ என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை.

இஸ்மாயில் சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் லாரிப் பக்கம் போகவில்லை.

"சார், இவருகிட்ட சொன்னது சரி. எங்க வீட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லணும்."

"வீட்லயா?" கார்லின் முகம் அன்றுதான் முதல் முறையாகக் கொஞ்சம் அசைந்தது. முதலாளியிடம் பேசுவதை அவர் பைக்கில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். இதற்கு ஒத்திகை இல்லை.

"பக்கத்துலதான். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால."

ஒற்றை அறை வீடு. இஸ்மாயிலின் மனைவி மைமூன் எங்களை உட்காரச் சொல்லி டீ போட்டார். கார்ல் பாயின் நுனியில் உட்கார்ந்து, கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அண்ணி என்பதற்கு இந்தி வார்த்தையைப் போட்டு, அவருக்கு வருகிற தமிழில் சொன்னார்.

"பாபி, அந்த மிஷின் கலத், தப்பு. நான் ஒரு லைன் டிலீட் பண்ணிட்டேன், அதனால மைனஸ் தெரியல. மிஷின் உல்டாவா சொல்லிச்சு. பாய் டீசல் எடுக்கல. ஃப்ரீஸர ஒளுங்கா ஓட்டுனது அவரு ஒருத்தர்தான். தப்பு என்னுது."

"என்னுதும்தான்" என்றேன் நான்.

மைமூன் முழுவதையும் கேட்டார். "எனக்குத் தெரியாதா சார்" என்றார். "அவுஹ அப்படிப்பட்ட ஆளில்லன்னு அப்பவே தெரியும்."

இஸ்மாயில் சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை. "தெரியுமாம் சார். பத்தொம்பது நாளா நான் களத்திப் போட்ட சட்டய தெனமும் மோந்து பாத்தா. டிரைவர் சட்டயில டீசல் வாட வராம அத்தர் வாடயா வரும்?"

கார்ல் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது, எங்கள் புரோகிராம் இந்த அறைக்குள் வரை வந்து உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

மைமூன் தலையைக் குனியவில்லை. "ஆமா, பாத்தேன்" என்றார். "ஊரே சொல்லும்போது மனசு பாக்கச் சொல்லுது. இனிமே பாக்க மாட்டேன்."

இஸ்மாயில் கிடங்கில் தரை கழுவி நனைந்த சட்டையைக் கழற்றினார். மைமூன் கொடியிலிருந்து துவைத்து மடித்த சட்டை ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். அதை வாங்கி, போட்டுக்கொள்வதற்கு முன்னால், இஸ்மாயில் தாமே அதை முகத்தருகே கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்த்தார். பிறகு பட்டன்களைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார்.